ரயில் மேட்டில் நான் வழி தவறவில்லை

பிப்ரவரி 2, திங்கள்

நான் வழி தவறவில்லை. மானின் பின்னால் போகவில்லை. என்னை யாரும் மீட்கவில்லை. இந்த மூன்றையும் முதலில் எழுதி வைத்துவிட்டு மற்றதற்குப் போகலாம்.

காலையில் மூடுபனி. எதிர்வீட்டு மதில் தெரியவில்லை. பால் தாமதம். வலது முழங்காலில் வலி. நடந்ததால் அல்ல, வேனில் மடக்கி உட்கார்ந்ததால்.

நேற்று பூசை முடிந்து கோயில் படி இறங்குவதற்குள் ஆளுக்கொரு பக்கமாகக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஐயோ, காட்டுல மாட்டிக்கிட்டீங்களாமே!" "ராத்திரி பூராவுமா?" ராத்திரியாம். விளக்கு வைக்கும் நேரத்துக்கு மன்னார்குடி தாண்டிவிட்டோம். "மாதாதான் காப்பாத்துனாங்க." மாதா காப்பாற்றியதை நான் மறுக்கவில்லை. எதிலிருந்து என்பதுதான் கேள்வி.

சேர்ந்து நடக்கப் போகும் எங்கள் நடை வட்டத்தின் செயலாளர் ஆரோக்கியராஜ் வாட்ஸப்பில் போட்டிருப்பது, எழுத்து மாறாமல்:

"சனிக்கிழமை கோடியக்கரை நடையில் வழி தவறிய நமது மூத்த சகோதரி இறையருளால் பத்திரமாக மீட்கப்பட்டார். தேடலில் ஈடுபட்ட அனைவருக்கும் நன்றி. இனி தனியாக வரும் எழுபது வயது கடந்தோர் துணைக்கு ஒருவரைக் கட்டாயம் அழைத்து வர வேண்டும்."

கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். என் பெயர் இல்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. வட்டத்தில் தனியாக வருவது நான் ஒருத்திதான். மற்றதெல்லாம் ஜோடி.

எனக்காகவாவது நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சனி. இருட்டோடு வேன். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம். வழியெல்லாம் அறுவடை இயந்திரம்; சாலையில் பாதிக்கு நெல் காய்கிறது. வேதாரண்யத்துக்கு அப்பால் உப்பளம், பிறகு காடு. வனத்துறை கேட்டில் இறங்கினோம். காவலர் ஒருவர் முன்னால், நாங்கள் பின்னால். காட்டுப் பாதை, பிறகு புல்வெளி. வெளிமான்கள் பார்த்தோம். ஆண் கறுப்பு, கொம்பு திருகு. பெண் வெளிர் பழுப்பு. மட்டக் குதிரைகளும் உண்டு, ஒரே அழுக்கு. பேச்சு அதிகம், ஆகவே பறவை குறைவு.

அதன் பிறகு பழைய ரயில் மேடு. ஒரு காலத்தில் கோடியக்கரை வரை ரயில் வந்தது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மண்மேடு மட்டும் வடக்கே போகிறது, இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். காலடியில் இன்னும் ஜல்லி. அந்த மேட்டிலேயே நடந்து, உப்பளம் ஓரமாகச் சாலைக்கு வந்து, அங்கே காத்திருக்கும் வேனில் ஏறுவது. நிகழ்ச்சி நிரலில் அப்படித்தான் இருந்தது.

மேட்டில் ஏறியதும் ஓய்வு. அங்கே எனக்கு அவசியம் வந்தது.

காலையில் பிரஷர் மாத்திரை. அது அப்படித்தான் செய்யும். மற்றப் பெண்கள் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். வெளியூர்ப் பயணம் என்றால் நம் பெண்கள் செய்துகொள்ளும் முதல் ஏற்பாடு அது. நான் குடிப்பேன். டாக்டர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்.

ஆரோக்கியராஜின் மனைவி ஸ்டெல்லாவிடம் காதோடு சொன்னேன். கைப்பையை அவளிடம் கொடுத்தேன். செல்போன் அதற்குள். "போய்ட்டு வாங்கக்கா, நான் இருக்கேன்" என்றாள். மேட்டின் மறுபக்கம் இறங்கி, பாலை மரங்கள் அடர்ந்த இடத்துக்குப் பின்னால் போனேன். கொஞ்சம் தள்ளித்தான். பேச்சு காதில் விழாத தூரம் எனக்கு வேண்டும். புடவை, முள், முழங்கால். நேரம் ஆகத்தான் ஆயிற்று.

திரும்பி வந்தால் மேட்டில் ஒருவரும் இல்லை. ஆரஞ்சுத் தோல் கிடந்தது.

ஒருமுறை கூப்பிட்டேன். இரண்டாம் முறை கூப்பிடவில்லை. காட்டில் நின்று கத்துவது எனக்குப் பழக்கமில்லை.

யோசித்தேன். மேடு ஒன்றுதான், கிளை கிடையாது. வடக்கே போனால் சாலை, சாலையில் வேன். வெயில் முதுகில் படும்படி நடந்தேன். வேனுக்கு வந்து சேர்ந்தேன். அவர்களோ பறவை பார்க்கிறேன் என்று பக்கத்துப் பாதையில் கண்காணிப்புக் கோபுரத்துக்குப் போய்விட்டு, அங்கே சாப்பாடு பிரிக்கும்போது ஒரு பொட்டலம் மிஞ்சவும் என்னை நினைத்து, திரும்பக் காட்டுக்குள் போய்த் தேடி, வியர்த்து, சண்டை போட்டு, வெகுநேரம் கழித்து அதே வேனுக்கு வந்தார்கள். நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"கெடச்சிட்டாங்க!" என்று ஆரோக்கியராஜ் கத்தினார்.

கிடைத்தது யார்?


பிப்ரவரி 3, செவ்வாய்

பனி குறைவு. வேலைகள்: மின்கட்டணம், கண் சொட்டு மருந்து, கான்வாஸ் ஷூ கழுவ வேண்டும். இடது ஷூவில் முள் தைத்திருக்கிறது, உள்ளே வரை. புடவைக் கரையில் நாயுருவி. ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பாதியில் எழுந்து அலமாரியைத் துடைக்கப் போனேன். அதையும் பாதியில் விட்டேன்.

மகன் போன். சென்னையிலிருந்து பிரான்சிஸ் செவ்வாய்க்கிழமை கூப்பிடுவதில்லை, ஞாயிறுதான். ஆகவே எடுக்கும்போதே தெரிந்துவிட்டது.

"அம்மா, ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"என்ன சொல்லணும்?"

"காட்டுல வழி தெரியாம உக்காந்திருந்தீங்களாம். ஆரோக்கியராஜ் அங்கிள் சொன்னாரு. ஃபோனும் இல்ல, பையும் இல்ல, எங்க வெச்சீங்கன்னே தெரியலையாமே."

பை எங்கே என்று எனக்குத் தெரியும். அங்கிளின் மனைவி தோளில்.

"அப்படி ஒண்ணும் இல்ல" என்றேன்.

"அப்ப என்னதான்மா நடந்துச்சு?"

வாய் வரவில்லை. அவனுக்கு நான் அரைஞாண் கட்டிவிட்டவள், பேதிக்கு மருந்து கொடுத்தவள். அந்த ஒரு வாக்கியம் மட்டும் வரவில்லை. "ஒரு சின்ன விஷயம். அவங்க கவனிக்கல" என்றேன். அது இன்னும் மோசமாகக் கேட்டிருக்கும்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை நான் வரேன். கார்ல கூட்டிட்டு வந்துடறேன். இங்க ஒரு நியூராலஜிஸ்ட். ஜஸ்ட் ஒரு மெமரி டெஸ்ட். என்ன கிழமை, யாரு முதலமைச்சர், ஒரு கடிகாரம் வரையச் சொல்வாங்க. அவ்வளவுதான்."

"நான் எதுக்குக் கடிகாரம் வரையணும்?"

"இல்லம்மா... அதுக்கப்புறம் வீட்டைப் பத்திப் பேசுவோம். தனியா இருக்கறது போதும்."

ஆக, அது டெஸ்ட் மட்டும் அல்ல. இரண்டு வருடமாக அவன் மனதில் இருந்தது. இப்போது கையில் காரணம் கிடைத்திருக்கிறது. இந்த வீடு, இந்தச் சாவி, நினைத்தபோது கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புவது. ஒரு பொய்யால் மூன்றும் போகும்.

போனை வைத்தேன். பால் பொங்கி வழிந்துவிட்டது. துடைத்தேன்.

கேஸ் பில்லின் பின்பக்கம் ஒரு கடிகாரம் வரைந்து பார்த்தேன். சரியாக வந்தது. கிழித்துப் போட்டேன்.


பிப்ரவரி 4, புதன்

வெயில். காற்று தெற்கிலிருந்து. எதிர்வீட்டில் மிளகாய் காயப்போட்டிருக்கிறார்கள், தும்மல்.

ஸ்டெல்லா வந்தாள். ரவா கேக், பழைய பிஸ்கட் டப்பாவில். கணவர் வங்கிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வந்திருக்கிறாள்.

"கோவமாக்கா?"

"பை உன் தோள்ல இருந்துச்சு, ஸ்டெல்லா."

"ஆமாக்கா."

"ரெண்டு பை மாட்டியிருக்கியே, ஒண்ணு யாருதுன்னு ஒருத்தர்கூடக் கேக்கலையா?"

"ஆம்பளைங்க என்னிக்குக்கா பையப் பாத்திருக்காங்க?"

சிரித்திருப்பேன். சிரிக்கவில்லை.

"விசில் ஊதிட்டாரு. எல்லாரும் எந்திரிச்சிட்டாங்க. ஃபாரஸ்ட் ஆளு வேற நிக்கறாரு. அத்தனை ஆம்பளைங்க நடுவுல நான் எப்படிச் சொல்றது, அக்கா ஒண்ணுக்குப் போயிருக்காங்க, நில்லுங்கன்னு?"

அந்தச் சொல்லை என் கூடத்தில், திரு இருதயப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு தாராளமாகச் சொன்னாள். அங்கே சொல்லியிருக்கலாம்.

"பின்னாடியே வந்துருவீங்கன்னு நெனச்சேன். நாலு தடவ திரும்பிப் பாத்தேன். அப்புறம் பொட்டலம் மிஞ்சினப்ப, யாருது இதுன்னு கத்தறாரு. மான் பாக்கப் போயிருப்பாங்கன்னு சொல்லிட்டேன். உங்களுக்குக் கௌரவமா இருக்கட்டுமேன்னு."

"காட்டுல வழி தெரியாத கிழவின்னு பேரு வாங்கறது கௌரவமா?"

"அதுக்கு இது தேவலன்னு தோணுச்சு."

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். எங்கள் கான்வென்டில் சுண்டு விரலை மட்டும் உயர்த்த வேண்டும். சிஸ்டர் தலையசைப்பார். வாயால் சொன்ன பெண் அன்று முழுக்க நின்றாள். ஸ்டெல்லா வேறு பள்ளிக்கூடம், ஆனால் பாடம் ஒன்றுதான்.

"நானே விடிஞ்சதிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலக்கா. உங்களத் தேடிக்கிட்டு அலைஞ்சோம்ல, அப்ப கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு. மரத்தப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அவருகிட்ட சொல்லல."

"உன் வீட்டுக்காரர்கிட்ட உண்மையச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்களேன்."

"நானா?"

இரண்டு பேரும் ஆளுக்கொரு துண்டு ரவா கேக் எடுத்துக்கொண்டோம். முந்திரி அதிகம், இனிப்பு போதாது.

அவள் போன பிறகு ஜோடி எண்ணைப் பற்றியே யோசனை. எழுதிவிடுகிறேன். ஆரோக்கியராஜ் ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர், ஆஜர் எடுக்காமல் நகர மாட்டார். ஆனால் தலைகளை எண்ணுவதில்லை. ஜோடிக்கு ஒரு எண். எண்ணைக் கூப்பிட்டால் கணவர் பதில் சொல்ல வேண்டும், மனைவி பக்கத்தில் நிற்பாள் என்பது கணக்கு. என் வீட்டுக்காரர் இருந்தவரை நாங்கள் நான்கு. "நாலு?" "ஆஜர்!" நான் வாயே திறந்ததில்லை. அவர் போன பிறகு நான்கு, புதிதாக வந்த வக்கீல் தம்பதிக்குப் போயிற்று. எனக்கு எண் இல்லை. "நீங்க எங்ககூடவே இருங்க, மிசஸ் லூர்து. எங்க ஒண்ணுல சேந்துக்கங்க" என்றார் ஆரோக்கியராஜ். அன்பாகத்தான் சொன்னார். நானும் நன்றி சொன்னேன்.

ஆகவே சனிக்கிழமை மேட்டில் அவர் "ஒண்ணு" என்று கூப்பிட்டு, "நானே" என்று தானே பதிலும் சொல்லியிருப்பார். எல்லா எண்ணும் ஆஜர். ஆள் மட்டும் புதருக்குப் பின்னால்.

உட்கார முடியவில்லை. வாசல் வரை போய்விட்டு வந்தேன். மறுபடியும் போனேன்.


பிப்ரவரி 5, வியாழன்

மேகம். மழை வராது. ஆனால் நெல் காயப்போட்டவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

வேன் ஓட்டுநர் ஜமால் வந்தார். வேன் அவருடையதே, அதிராம்பட்டினத்துக்காரர், பல வருடம் சவுதியில் லாரி ஓட்டியவர். என் குடை வேனில் கிடந்ததாம். கேட்டுக்கு வெளியேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். "இல்லம்மா, வண்டி நடுரோட்டுல நிக்குது" என்றார். பத்து நிமிடம் பேசினார், வண்டி நடுரோட்டிலேயே நின்றது.

"என்னம்மா, நீங்க காணாமப் போயிட்டீங்கன்னு ஊரு பூரா பேசறாங்க?"

"நீங்கதான் பாத்தீங்களே."

"நான் டீ குடிச்சிட்டிருக்கேன், நீங்க பாட்டுக்கு மேட்டுலேர்ந்து எறங்கி வரீங்க. ஷூவுல ஒட்டுன மண்ணத் தட்டறீங்க. 'மத்தவங்க எங்க?'ன்னு எங்கிட்ட கேக்கறீங்க. நானில்ல உங்கள அதக் கேக்கணும்! சவுதியில பாலைவனத்துல ஒரு ஆளு காணாமப் போவான், முப்பது பேரு தேடுவான். இங்க என்னடான்னா ஒரு ஆளு வந்துருச்சு, மிச்சம் பூரா காணாமப் போயிருச்சு."

இதை அப்போதே எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருந்தால் என்ன என்று கேட்டேன்.

"டிரைவர யாரும்மா கேக்கறா? சிக்னல் இல்ல, இருந்தாலும் நாலஞ்சு தடவ அடிச்சேன். எடுக்கல. வந்தவுடனே செயலாளரு சார் எங்கிட்ட கேட்ட ஒரே கேள்வி, ஏசி ஏன் போடலன்னு."

போகும்போது திரும்பி, "அடுத்த டிரிப்பு மார்ச்சுல. வருவீங்கள்லம்மா?" என்றார்.

"துணைக்கு ஆள் வேணுமாம்" என்றேன்.

"துணையா? உங்களுக்கா?" தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

ஒன்றை இதுவரை எழுதவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. மேட்டில் தனியாக நடந்தேனே, அந்த நேரம். கோபம் முதல் கொஞ்ச தூரம்தான். பிறகு சத்தம் எல்லாம் அடங்கிவிட்டது. ஜல்லியில் என் ஷூ மட்டும். ஒரு சின்னப் பாலம், அடியில் தண்ணீர் இல்லை, நண்டு வளைகள். கீரி ஒன்று குறுக்கே போய், நின்று, என்னைப் பார்த்துவிட்டுப் போயிற்று. கருவேலம் விலகியதும் திடீரென்று வெட்டவெளி. தூரத்துத் தண்ணீரில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. துணி காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கோடு அசைந்தது. பூநாரைகள். எல்லாம் ஒரே பக்கம் தலை கவிழ்ந்து. கோபுரத்தில் ஏறியவர்கள் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை என்று பிறகு வேனில் புலம்பினார்கள். நான் நின்று பார்த்தேன். அவசரப்படுத்த யாரும் இல்லை. பயம் இல்லை. பசி இருந்தது. இன்னும் கொஞ்சம் நிற்கலாமா என்றுகூட நினைத்தேன்; அவர்கள் வேனில் காத்திருப்பார்களே என்றுதான் நடந்தேன்.

இவ்வளவு நல்ல நடை எனக்கு வாய்த்ததே இல்லை. அதைத்தான் விபத்து என்கிறார்கள்.

மாலையில் குழாய் சொட்டுகிறது. பிளம்பரிடம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இந்தக் குழாயை யார் பார்ப்பது என்று ஒரு நினைப்பு. அப்போதே பிளம்பருக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை வருகிறானாம்.


பிப்ரவரி 6, முதல் வெள்ளி

பூசைக்குப் போகும்போது பனி, வரும்போது வெயில். சாமியார் பிரசங்கம் நீளம்.

முற்றத்தில் ஆரோக்கியராஜ். கூட கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர், வக்கீல் உட்பட. பங்குத்தந்தையும் நின்றார், இளைஞர், இப்போதுதான் மாற்றலாகி வந்தவர்.

"வாங்க மிசஸ் லூர்து! ஃபாதர், நான் சொன்னேனே, இவங்கதான். நம்மள எல்லாம் ஒரு வழி பண்ணிட்டாங்க."

"நல்லா இருக்கீங்களாம்மா?" என்றார் ஃபாதர். கிழவிகளுக்கென்று வைத்திருக்கும் குரல்.

"இனிமே மொட்டை மாடியிலயே நடங்க" என்றார் ஆரோக்கியராஜ். "அங்க மான் வராது." வக்கீல் சிரித்தார்.

"என்ன நடந்துச்சுன்னு நீங்க எங்கிட்ட இன்னிக்கு வரைக்கும் கேக்கவே இல்ல" என்றேன்.

"அதான் ஸ்டெல்லா சொன்னாளே. மான் பின்னாடி..."

"ஸ்டெல்லாவக் கேட்டீங்க. என்னைக் கேக்கல."

"சரி, இப்பக் கேக்கறேன். சொல்லுங்க."

நான்கு ஆண்கள். ஒருவர் அங்கியில். வாயைத் திறந்தேன். தொண்டையில் சிஸ்டர் நிற்கிறார். கொஞ்சம் தள்ளி ஸ்டெல்லா, மெழுகுவர்த்தி ஸ்டாண்ட் பக்கத்தில், முக்காட்டைக் கடித்துக்கொண்டு. எனக்காக அவள் வியர்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். அல்லது அவளுக்காகவே.

"எழுதித் தரேன்" என்றேன்.

"தாராளமா. எழுத்துல குடுங்க, கமிட்டியில வெச்சுடுவோம். ஆனா ரூல் ரூல்தான், சொல்லிட்டேன். உங்க நன்மைக்குத்தான். பிரான்சிஸ்கூட ரொம்ப நன்றின்னு சொன்னான்."

நன்றியாம்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் நிறுத்திக் கேட்டார்கள். இரண்டாவது ஆளிடம் குரலை உயர்த்திவிட்டேன். அவன் என்ன செய்வான்.

சாப்பாடு: ரசம், அப்பளம். சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை. இல்லை, ஞாபகம் இருக்கிறது. ரசத்தில் உப்பு போடவில்லை.

டெஸ்டில் நான் தேறிவிடுவேன். அதில் சந்தேகமில்லை. ஆனால் நடக்காத ஒன்றுக்காகப் போய் உட்கார்ந்தால், நடந்தது என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். தேறினாலும், "இப்ப நல்லா இருக்காங்க" என்பார்கள். இப்ப!


பிப்ரவரி 7, சனி

காலை வெயில், இதமாக. பிளம்பர் வந்தான், வாஷர் மாற்றினான், போனான். சொட்டவில்லை.

பிரான்சிஸ் நாளை பகல் சாப்பாட்டுக்கு வருகிறான். வாங்க வேண்டியவை: வஞ்சிரம் கிடைத்தால் வஞ்சிரம், இல்லையென்றால் கோழி. முருங்கைக்காய். கொத்தமல்லி. தபால் உறை, நீளமானது, இரண்டு.

கடிதம். ஐந்தாறு தாள் வீண்.

முதலில் "தவிர்க்க முடியாத காரணத்தால்" என்று எழுதினேன். என்ன காரணம் என்று கமிட்டி கேட்கும். யாராவது ஒருவர் மான் என்பார். கிழித்தேன்.

"இயற்கை உபாதை." உபாதை ஒன்றும் இல்லை எனக்கு. ஆரோக்கியமான உடம்பு செய்வதை உபாதை என்று நானே எழுதிக்கொடுத்தால், நாளைக்கு அதற்கும் ஒரு டாக்டரைப் பார்ப்பான் பிரான்சிஸ். கிழித்தேன்.

"சற்று ஒதுங்கியபோது." அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதுதான் குற்றம். ஒதுங்கி எங்கே போனாள், ஏன் போனாள் என்று மறுபடியும் காட்டுக்குள் தேடுவார்கள்.

கடைசியில் எழுதினேன். எழுதிவிட்டுப் பேனாவை மூடி, வெளியே போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். செம்பருத்தி, துளிர். கறிவேப்பிலையில் புழு. திரும்பி வந்து பார்த்தேன். அந்தச் சொல் அங்கேயே இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. மேசை இடியவில்லை.

ஸ்டெல்லா பெயரை எழுதினால் அவள் வீட்டில் சண்டை. எழுதாமல் விட்டால் என் வார்த்தைக்குச் சாட்சி இல்லை. போன் செய்து கேட்டேன். கேட்காமல் எழுதுவது முறையில்லை.

"படிச்சுக் காட்டுங்க" என்றாள். படித்தேன். அந்த இடத்தில் நிறுத்தவில்லை, வேகமாகவும் போகவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து குக்கர் விசில் மட்டும்.

"ஸ்டெல்லா?"

"இருக்கேன்க்கா." பிறகு, "என் பேரப் போடுங்க" என்றாள்.

"அவரு கத்துவாரே."

"கத்தட்டும். கத்தறதுதான எப்பவும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, வழியில ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்தச் சொல்லியும் எழுதுங்க. பொம்பளைங்களுக்குன்னு. போறப்ப ஒரு தடவ, வர்றப்ப ஒரு தடவ."

"எழுதறேன்."

"அப்புறம் அந்த நம்பர். உங்களுக்குக் கேக்கறீங்கள்ல?"

"ஆமா."

"எனக்கும் ஒண்ணு கேளுங்க."

கடிதத்தின் நகல் கீழே. அசல், ஆரோக்கியராஜுக்கு, இன்றே பதிவுத் தபாலில் போகும். அடுத்த தெருதான், ஆனாலும் பதிவுத் தபால். இன்னொரு நகல் நாளை பிரான்சிஸுக்கு, சாப்பாட்டுக்கு முன்னால். அவன் படிக்கும்போது நான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். எழுந்து அடுப்படிக்குப் போக மாட்டேன்.

செயலாளர் அவர்களுக்கு,

சென்ற சனிக்கிழமை கோடியக்கரை நடையில் நான் வழி தவறியதாகவும் மீட்கப்பட்டதாகவும் தாங்கள் தெரிவித்திருப்பது சரியல்ல. ரயில் மேட்டில் ஓய்வெடுத்தபோது நான் சிறுநீர் கழிக்கப் போயிருந்தேன். போகுமுன் தங்கள் மனைவி ஸ்டெல்லாவிடம் சொல்லி, என் கைப்பையையும் கொடுத்துவிட்டுத்தான் போனேன். கூச்சத்தால் அவரால் அதைத் தங்களிடம் சொல்ல முடியவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒரு வாரமாக என்னாலும் சொல்ல முடியவில்லை.

நான் திரும்பி வந்தபோது நீங்கள் யாரும் அங்கே இல்லை. நிகழ்ச்சி நிரலில் உள்ள வழியிலேயே நடந்து, உங்களுக்கு வெகுநேரம் முன்பே வேனுக்கு வந்து சேர்ந்தேன். ஓட்டுநர் ஜமால் இதற்குச் சாட்சி. அவரைக் கேட்கவும்.

வாட்ஸப்பில் போட்ட செய்தியைத் திருத்த வேண்டும். துணை பற்றிய விதியை எடுத்துவிட வேண்டும். போகும்போதும் வரும்போதும் பெண்கள் இறங்க, கழிப்பறை உள்ள இடத்தில் வேன் நிற்க வேண்டும். இனி ஜோடிக்கு எண் வேண்டாம், ஆளுக்கு ஒரு எண் தரவும். எனக்கு எந்த எண் ஆனாலும் சம்மதம். கூப்பிட்டால் நானே பதில் சொல்வேன். ஸ்டெல்லாவும் தன் எண்ணுக்குத் தானே பதில் சொல்வார்.

ஒரு கேள்வி. அன்று மேட்டில் நீங்கள் "ஒன்று" என்று கூப்பிட்டு நீங்களே ஆஜர் சொல்லியிருப்பீர்கள். அந்த ஒன்றில் என்னைச் சேர்த்து எண்ணினீர்களா, இல்லையா?

எழுத்தில் பதில் தரவும்.

(திருமதி) ரெஜினா லூர்துசாமி